காலக்குழி பார்த்தவர்கள்

காலக்குழி என்று ஒரு சீரியல் வந்தது. பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். நான் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவள் என்பதால் தைரியமாகச் சொல்லலாம்: அதைப் போல ஒரு தண்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

கதை இதுதான். மலை நடுவில் ஒரு குழி. அதில் விழுகிறவன் செத்துப்போக மாட்டான். பல வருஷம் கழித்து அதே வயதோடு, அதே சட்டையோடு, தலைகூடக் கலையாமல் ஏறி வருவான். ஏன், எப்படி என்று துப்பறிய ஒரு விஞ்ஞானி. அவருக்கு ஒரு கோட்டு. கார் கண்ணாடியில் வெயிலுக்கு மறைப்பாக வைப்பார்களே வெள்ளித்தாள், அதை வெட்டித் தைத்த கோட்டு என்பது கண் உள்ள யாருக்கும் தெரியும். கையில் ஒரு பெட்டி. ஃப்ரிட்ஜுக்குப் போடுகிற ஸ்டெபிலைசருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துச் சிவப்பு பல்புகளை ஒட்டியிருந்தார்கள். குழியை நெருங்கினால் பெட்டி கொய்ங் கொய்ங் என்று கத்தும். விஞ்ஞானி புருவத்தைத் தூக்கி, "இது இயற்கை அல்ல" என்பார். வாராவாரம் அதையேதான் சொன்னார்.

இந்தக் கண்றாவியைப் பார்க்கத்தான் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் லைனே முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு ஓனரம்மா வீட்டு ஹாலில் போய் உட்காரும்.

லைன் என்றால் ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், முனிராஜ் தன் ராகிக் காட்டை விற்றது போக மிச்சம் வைத்திருந்த துண்டில் ரயில் பெட்டி மாதிரி கட்டிவிட்ட வாடகை வீடுகள். முன்பக்கம் மாடி வீட்டில் அவரும், ஓனரம்மா என்று நாங்கள் கூப்பிடும் அவர் சம்சாரம் மங்கம்மாவும். பின்னால் நாங்கள், கம்பெனி வேலைக்கு வந்த கூட்டம். எங்கள் வீடுகளிலும் டிவி இருந்தது. ஆனால் அது இரண்டாயிரத்து எட்டு. கரண்ட் எப்போது போகும் என்று மின்சார வாரியத்துக்கே தெரியாத வருஷம். யூபிஎஸ் வைத்திருந்த ஒரே வீடு ஓனரம்மா வீடு. அதனால் வாடகை ஒழுங்காகக் கொடுக்கிற எல்லோருக்கும் அங்கே தரையில் இடம் உண்டு.

பார்ப்பதுகூடப் பரவாயில்லை. பார்த்து முடித்துவிட்டு ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. என் வீட்டுக்காரர் ரத்தினவேல் மெயின்டனன்ஸில் எலக்ட்ரீஷியன். அவருக்குக் கதை, வசனம் எதுவும் காதில் ஏறாது. "காலத்தை ஓட்டுற மெஷினாம். அது மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல். பச்சை ஸ்டார்ட்டு, சிவப்பு ஸ்டாப்பு. இவன் சிவப்பை அமுக்கி ஓட்டுறான்" என்று வாராவாரம் பொருமுவார். முனிராஜுக்கு வேறு கவலை. "குழி இருக்கிற நிலம் யாரு பேர்ல இருக்குது? பட்டா யாருது? அதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறான் பாரு" என்பார். அவர் பார்த்த உலகத்தில் எந்த மர்மமும் சர்வே நம்பரைத் தாண்டிப் போனதில்லை.

எல்லோருக்கும் மேலே மாதப்பன். காவேரிப்பட்டினத்துக்காரர், லேத் ஆபரேட்டர், எங்களுக்கு மூணாவது வீடு. பூமியைச் சுற்றிப் பறக்கும் தட்டு வந்தாலும் அதில் இருக்கும் பொம்பளை தலையைப் பின்னியிருக்கிறாளா என்றுதான் பார்ப்பார். அவர் சொன்னதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல அவர் சம்சாரம் தங்கமணி. இந்த இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சீரியலில் வந்த அத்தனை பெண்களையும் தீர்த்துக் கட்டினார்கள். ஓர் ஆணைக்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. குழியில் போய் விழுந்த முட்டாள்கள் எல்லாம் ஆண்கள்தான்.

ஷிப்டு வேலை பார்க்கிற ஊரில் ஒரு சீரியலை எல்லோரும் எல்லா வாரமும் பார்க்க முடியாது. என் வீட்டுக்காரர், மாதப்பன் மாதிரி அப்போது பகல் வேலையில் இருந்தவர்களை விட்டால், மற்றவர்களுக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, மறுவாரம் மதிய ஷிப்டு. மதிய ஷிப்டில் இருப்பவர்கள் சனிக்கிழமை கதை நேரத்தில் மெஷின் முன்னால் நின்றிருப்பார்கள். அதற்கு எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்கும் கல் பக்கம், பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிட வேண்டும். இதற்குச் சார்ஜ் கொடுப்பது என்று பெயர். கம்பெனியில் ஷிப்டு முடித்துப் போகிறவன், அடுத்து வருகிறவனிடம் மெஷின் எப்படி ஓடுகிறது, எங்கே சத்தம் வருகிறது என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போவானே, அதே சார்ஜ்தான்.

அதில் பொய் கூடாது. பொய் சொன்னால் அடுத்தவன் கை போய்விடும். ஒருமுறை பேரிங்கில் சத்தம் வந்ததை மறைத்துச் சார்ஜ் கொடுத்துவிட்டுப் போன ஒருவரோடு என் வீட்டுக்காரர் இன்றுவரை பேசுவதில்லை. இத்தனைக்கும் அந்த ஆள் எங்கள் அருப்புக்கோட்டை, ஒரே தெரு.

எனக்கு அடுத்த வீடு பூங்கொடி. சர்க்யூட் போர்டு கம்பெனியில் அசெம்பிளி வேலை. அவள் புருஷன் ஆனந்த் பெங்களூர்ப் பக்கம் வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு காலையில் பஸ் ஏறினான். அவ்வளவுதான். எட்டு வருஷம் ஆயிற்று. செத்தான் என்றும் தகவல் இல்லை, வேறு எவளோடாவது இருக்கிறான் என்றும் தகவல் இல்லை. புகார் கொடுக்கப் போனால் இந்தப் பக்க ஸ்டேஷனில், "பார்டரைத் தாண்டிப் போனவனை நாங்க எங்கம்மா தேடுறது" என்றார்கள். அந்தப் பக்கம் போனால் கன்னடத்தில் அதையே திருப்பிச் சொன்னார்கள். பார்டருக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்கும் இந்தப் பக்கம் ஓசூருக்கும் இடையில் ஒரு மனிதன் இல்லாமல் போய்விட்டான். குழி, பெட்டி, கொய்ங் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

பூங்கொடி தாலியைக் கழற்றவில்லை. யாரிடமும் புலம்பவும் இல்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சனிக்கிழமைகளில் ஹால் சுவரோரம் உட்கார்ந்து இந்தத் தண்டத்தைப் பார்த்தாள். கருத்து மட்டும் சொன்னதே இல்லை. அந்த ஹாலில் கருத்துச் சொல்லாத ஒரே ஆள் அவள்தான்.

சீரியலில் வசந்தா என்று ஒருத்தி. அவள் புருஷன் குழியில் விழுந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. இனி வரமாட்டான் என்று ஒரு டாக்டரைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட மறுவாரமே முதல் புருஷன் குழியிலிருந்து ஏறி, அதே கோடு போட்ட சட்டையோடு வாசலில் வந்து நின்றான். கதவைத் தட்டினான். வசந்தா கதவைத் திறந்தாள். முகத்தில் மூன்று முறை இடி இடித்தது. தொடரும் என்று போட்டார்கள்.

ஹாலில் கோர்ட்டே கூடிவிட்டது.

"அடுத்த வாரம் பாருங்க. அப்பிடியே கால்ல விழுவா. விழலைன்னா அவ பொம்பளையே கெடையாது" என்றார் மாதப்பன்.

"ரெண்டாவது ஒருத்தனைக் கட்டுனப்பவே அவ பொழப்பு நாறிப்போச்சு. இனிமே விழுந்தா என்ன, எழுந்தா என்ன?" என்றாள் தங்கமணி.

மங்கம்மாவுக்குத் தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வரும். "ராமா ராமா, ஏமி கர்மம் இது. புருஷன் அங்க குழியில கெடக்குறான், இவளுக்குப் பட்டுச்சேல கேக்குது. த்தூ."

"பத்து வருஷம் ஆச்சே, ஓனரம்மா" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பூங்கொடிதான். அத்தனை மாதத்தில் அவள் சொன்ன முதல் கருத்து.

"ஆனா ஏமி? நூறு வருஷம் ஆனா ஏமி?" என்றாள் மங்கம்மா. மாதப்பன் திரும்பிப் பூங்கொடியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவளே சொன்னாள். அவள் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் அசோக்குமார் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறான். சூளகிரிக்காரன், நல்ல பையன் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். அவன் அம்மாவைப் போய்ப் பார்த்தும் வந்துவிட்டாள்.

"நல்லாத்தான் பேசுனாங்கக்கா. சோறு போட்டாங்க. கெளம்பும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. உன் புருஷன் நாளைக்கே திரும்பி வந்து வாசல்ல நின்னா என்னம்மா பண்ணுவன்னு."

"நீ என்ன சொன்ன?"

"வாயில ஒண்ணும் வரலைக்கா. வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை சொல்றேன்னுட்டு வந்துட்டேன்."

"அது என்னடி கணக்கு?"

அவள் ஈரத் துணியை உதறிக்கொண்டே இருந்தாள். "சனிக்கிழமை வசந்தா என்ன பண்றான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஸ்டெபிலைசரைத் தூக்கிட்டுத் திரியிற லூசுகிட்டயா வழி கேக்குற? உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"வேற யாருகிட்டக்கா கேக்குறது?" என்றாள். "செத்துப்போனவன் பொண்டாட்டிக்கு ஆயிரம் கதை இருக்குது. ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கும் இருக்குது. என்ன ஆனான்னே தெரியாதவன் பொண்டாட்டிக்கு வேற எவன் கதை எழுதுனான்?"

வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். அன்றைக்குக் கிளிப்பு மாட்டுவது போல் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரம் அவளுக்கு மதிய ஷிப்டு. "ஞாயித்துக்கெழம சார்ஜ் எடுத்துக்கறேன்க்கா" என்றாள்.

சனிக்கிழமை வந்தது. நாங்கள் போய் உட்கார்ந்தோம். இதை மட்டும் நான் கிண்டல் செய்யாமல் சொல்கிறேன். வசந்தா கதவைத் திறந்தாள். அழுதாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, "போய் ஒரு மணி நேரம்தானே ஆச்சு, எதுக்கு அழுகிறாய்?" என்று கேட்டான். அவள், "உங்களுக்கு ஒரு மணி நேரம். எனக்குப் பத்து வருஷம். நீங்கள் தேடி வந்தவள் இந்த வீட்டில் இல்லை" என்றாள். சொம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். இடி இடிக்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

வாயில் போட்ட பொரியை நான் மெல்ல மறந்துவிட்டேன். அந்தக் குப்பைக்குள் இப்படி ஓர் இடத்தை எவன் எழுதி வைத்தானோ. தவறி எழுதியிருப்பான்.

மங்கம்மா எழுந்து டிவியையே அணைத்துவிட்டாள். முடிவுப் பாட்டுகூட ஓடி முடியவில்லை.

"இதை எழுதுனவன் பொண்டாட்டி எவன்கூடயோ போயிருப்பா. அதான் இப்பிடி எழுதுறான்" என்றார் மாதப்பன். முனிராஜ்கூட அன்றைக்குப் பட்டா பற்றிப் பேசவில்லை.

"சேனல்ல இதெல்லாம் காட்டலாமா? பொம்பளைப் பசங்க பாக்குற நேரத்துல" என்று தங்கமணி சேனலைத் திட்டினாள். பிறகு குரலை இறக்கி, "பூங்கொடியை அந்த ஸ்டோர்ஸ் பையன்கூட பஸ் ஸ்டாண்டுல இவரு பாத்தாராம். ரெண்டு பேரும் டீ குடிச்சாங்களாம்" என்றாள்.

டீ குடித்தார்களாம். ஹாலே மூச்சை உள்ளே இழுத்தது.

"நாளைக்குச் சார்ஜ் குடுக்கும்போது இதைச் சொல்லப்படாது" என்றாள் மங்கம்மா. "அந்தப் புள்ள காதுல இது போகப்படாது. வசந்தா கால்ல விழுந்துட்டான்னு சொல்லிப்போடுங்க. டாக்டரு ஃபாரின் போயிட்டான்னு சொல்லுங்க. அந்தப் புள்ள நல்லதுக்குத்தான்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என் வீட்டுக்காரர் தலையும் ஆடியது. நான் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா, பேரிங் சத்தத்தை மறைச்சவன்கிட்ட மூஞ்சி கொடுத்துப் பேச மாட்ட. இது மட்டும் என்ன?"

"அது மெஷினுடி. கை போயிரும்."

"இது?"

"இது சீரியலு" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் சோறு போட எனக்குக் கை வரவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கல்லுப் பக்கம் பூங்கொடி பக்கெட்டோடு வந்தாள். வழக்கமாக ஒருவர் சொல்வார், மற்றவர்கள் வேறு வேலை பார்ப்பார்கள். அன்றைக்கு எல்லோருமே சொன்னார்கள். வசந்தா காலில் விழுந்தாள் என்றாள் தங்கமணி. கால் ஈரமாகும் அளவுக்கு அழுதாள் என்றார் மாதப்பன். மாடியிலிருந்து மங்கம்மா, டாக்டர் சூட்கேஸோடு போனதைச் சொன்னாள். என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே, "புருஷனுக்கு எதிர்ல வந்ததும் பொட்டில பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. சரியான ஆளுன்னு காட்டுச்சு" என்றார். அந்தப் பெட்டிக்குப் பச்சை லைட்டே கிடையாது. அந்த ஒரு பொய்தான் எல்லாவற்றையும்விட நிஜம் மாதிரி இருந்தது. எலக்ட்ரீஷியன் சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்?

"பொய்" என்றேன். "அத்தனையும் பொய். தண்ணி குடுத்துட்டுக் கதவைச் சாத்திட்டா."

"அக்காவுக்கு எப்பவும் நக்கலு" என்று தங்கமணி சிரித்தாள். என் வீட்டுக்காரர் வாயில் நுரையோடு, "இவ பாதில தூங்கிட்டா" என்றார்.

பூங்கொடி என்னைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். துணியை முறுக்கிப் பிழிந்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "என் புள்ளைங்க மேல சத்தியம். அவனை உள்ள விடலை. நீ தேடி வந்தவ இங்க இல்லைன்னு சொல்லிட்டா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கக்கா. என் விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். என் நல்லதுக்குன்னு சத்தியமே பண்றீங்க. எனக்குத் தெரியாதா? லைனே ஒண்ணு சொல்லுது. ஓனரம்மா, அண்ணன், எல்லாரும். அவங்களுக்கு என் விஷயம் தெரியாதில்ல. அவங்க எதுக்குப் பொய் சொல்லணும்?"

டீ குடித்த கதை லைன் முழுக்கத் தெரியும் என்று சொன்னேன். அதையும் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள். உண்மையைச் சொல்லப் போய் ஆறுதல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குக் காலை ஷிப்டு. விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவாள். திரும்பி வந்ததும் படுத்துக்கொள்வாள். திங்கட்கிழமை என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, "தலைவலிக்கா" என்றாள். செவ்வாய்க்கிழமையும் தலைவலி. லைன் மட்டும் அவளிடம் ரொம்பப் பிரியமாக இருந்தது. தங்கமணி கீரைக் கூட்டு கொடுத்தனுப்பினாள். மங்கம்மா தன் வீட்டுக் கறிவேப்பிலையைக் கிள்ளிக்கொள்ளச் சொன்னாள். ஒரு பெண்ணின் கழுத்தைத் திருகிவிட்டுக் கூட்டு கொடுக்கிற ஜனங்கள்.

சனிக்கிழமை. இந்த முறை பூங்கொடியும் ஹாலில் இருந்தாள். சீரியல் தொடங்கும்போது 'இதுவரை' என்று போன வாரக் கதையைக் கொஞ்சம் காட்டுவார்களே, அதை மறைக்க மங்கம்மா ஏற்பாடு செய்திருந்தாள். "யூபிஎஸ் தகராறு பண்ணுது" என்று ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்து, முன்கதை முடிந்து, விளம்பரமும் முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகுதான் போட்டாள். மாதப்பன் கெட்டிக்காரத்தனமாகத் தலையாட்டினார்.

இவ்வளவு நாள் பார்த்தும் இவர்களுக்கு இந்தச் சீரியலைத் தெரியவில்லை. புதிதாகப் படம் பிடிக்க வக்கில்லாமல் பழையதையே பாதி வாரம் ஓட்டுகிற கம்பெனி அது. அதைச் சொல்லிச் சொல்லித் திட்டியவர்களே இவர்கள்தான். முதல் புருஷன் பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தான். திரை அலை அலையாக ஆடியது. போன வாரத்தை முழுசாகக் காட்டினார்கள்.

வசந்தா கதவைத் திறந்தாள். மங்கம்மா ரிமோட்டைத் தேடினாள். அது மடியிலிருந்து சோபா இடுக்கில் விழுந்திருந்தது. வசந்தா தண்ணீர் கொடுத்தாள். தங்கமணி எழுந்து டிவிக்கு முன்னால் போய், மறைக்கிறோம் என்று தெரியாமல் மறைப்பது போல் நின்றாள்.

"தங்கமணிக்கா, தள்ளுங்க" என்றாள் பூங்கொடி.

தள்ளினாள். உங்களுக்கு ஒரு மணி நேரம், எனக்குப் பத்து வருஷம் என்று வசந்தா சொன்னாள். நீங்கள் தேடி வந்தவள் இந்த வீட்டில் இல்லை என்றாள். கதவைச் சாத்தினாள். எங்கும் எந்தப் பச்சை லைட்டும் எரியவில்லை.

ஹாலில் ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருந்த கூட்டம், மொசைக் தரையில் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் காதைக் குடைந்தார். அன்றைக்கு அவரை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் குறையவில்லை.

பூங்கொடி என்னிடம்தான் முதலில் திரும்பினாள். "நீங்க சொன்னது நெஜமாக்கா?"

"நெஜம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "திங்கக்கெழம நான் முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். "புருஷன் வந்தா அவருகிட்டயே போயிருவேன், அதனால என்னை விட்டுருங்கன்னு அவங்க அம்மா முன்னாடி சொன்னேன். அப்பறம் அசோக்குமாருதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விட்டாரு."

"சீரியலைப் பாத்தா வாழ்க்கைய முடிவு பண்ணுவாங்க?" என்றார் மாதப்பன். அந்த வாயை என்ன செய்தால் தகும் என்று எனக்குத் தெரியவில்லை.

"சீரியலைப் பாத்து இல்லீங்கண்ணா. உங்களைப் பாத்து" என்றாள் பூங்கொடி. "டிவியில வர்ற பொம்பளையே கால்ல விழுந்தாத்தான் உங்களுக்கெல்லாம் சோறு எறங்குதுன்னா, நான் எல்லாம் எங்க நிக்கிறதுன்னு நெனச்சேன். கதையில அவ கால்ல விழவேயில்லை. விழணும்னு நீங்க ஆசைப்பட்டீங்க, அவ்வளவுதான்."

"உன் நல்லதுக்குத்தானம்மா..." என்று மங்கம்மா ஆரம்பித்தாள்.

"ஓனரம்மா, டிவி சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. போன் பேசணும்."

மங்கம்மா சோபா இடுக்கில் கையை விட்டு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். அவள் சொன்னதைச் செய்தாள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பூங்கொடி வெளியே போகவில்லை. அத்தனை பேர் நடுவில், உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்து அழுத்தினாள்.

"நான்தாங்க. சாப்டீங்களா? அம்மா இருக்காங்களா? இல்ல, உங்ககிட்ட அப்பறம் பேசறேன். மொதல்ல அம்மாகிட்டக் குடுங்க."

காத்திருந்தாள். தங்கமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாதப்பன் எழுந்து போகப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். காலை மடக்கவில்லை. அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"அம்மா, பூங்கொடி பேசறேன். திங்கக்கெழம நான் சொன்னது பொய்ங்கம்மா. பயந்துக்கிட்டுச் சொல்லிட்டேன். இப்ப சொல்றதுதான் நெஜம். கேக்குறீங்களா?" மூச்சு இழுத்துக்கொண்டாள். "அவரு வந்து வாசல்ல நின்னா தண்ணி குடுப்பேன். பசின்னா சோறு போடுவேன். எட்டு வருஷம் எங்க இருந்தன்னு கேப்பேன். சத்தம் போட்டு அழுவேன்ங்கம்மா, அதையும் இப்பவே சொல்லிடறேன். அழுது முடிச்சுட்டு நம்ம வீட்டுக்கு வந்துருவேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, எங்களுக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் பேசினார்கள் என்று மட்டும் தெரிந்தது. பூங்கொடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு போனில் தலையாட்டினால் தெரியாது என்பது உறைத்து, "சரிங்கம்மா, நாளைக்கே வீட்டுக்கு வர்றேன்" என்றாள்.